ரஸம் மீளும் இடம்: மிதம் என்னும் குணத்தைப் பற்றி ஒரு விசாரம்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

விஷயம்

சில வருஷங்களாக உபந்யாஸ மேடைகளிலும் ஆஸ்திகப் பத்திரிகைகளிலும் ஒரு வார்த்தை அடிக்கடி காதில் விழுகிறது. கீதையின் ஆறாம் அத்யாயத்தில், உணவிலும் உறக்கத்திலும் மிகுதி, குறைவு இரண்டையும் பகவான் ஒருங்கே விலக்கிய இடத்தை (6.16, 17) எடுத்துக்கொள்கிறார்கள். க்ரேக்க தேசத்து அரிஸ்டாடிலும் நற்குணம் என்பது இரண்டு எல்லைகளுக்கு நடுவே நிற்பது என்றார் என்கிறார்கள். ஆகையால் இரண்டும் ஒன்றே என்று முடிக்கிறார்கள். வேறு சிலர் இதற்கு நேர் எதிராக, அவர்கள் பேசியது தேஹ ஸுகத்தின் கணக்கு, நாம் பேசுவது ஆத்ம விஷயம், இரண்டுக்கும் ஸம்பந்தமே இல்லை என்று கையை உதறிவிடுகிறார்கள். இரண்டும் படிக்காமல் சொல்லும் வார்த்தைகள் என்று அடியேனுக்குத் தோன்றியதால் இந்த வ்யாஸம் எழுத நேர்ந்தது.

அடியேன் கோயில் கைங்கர்யக் குடும்பத்தில் பிறந்து, தகப்பனார் திருவடிகளில் வீட்டுத் திண்ணையிலேயே காலக்ஷேபம் கேட்டவன். கல்லூரி வாசல் மிதித்தவனல்லன். க்ரேக்க பாஷை அறியேன். கல்லூரியில் தத்துவம் பயிலும் பேரன் அந்நூல்களின் ஆங்கில மொழிபெயர்ப்பை வாசித்துப் பொருள் சொல்ல, இரண்டு கோடைக்காலங்கள் கேட்டேன். கேட்டதில் மனத்தில் நின்றவற்றை நம் பாஷ்யங்களோடு ஒத்துப் பார்த்ததன் பலனே இது.

இதற்கு ஒரு சொந்தக் காரணமும் உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. பதினொரு வருஷமாக அடியேனுக்குச் சர்க்கரை வ்யாதி. முந்தின வருஷத்து மார்கழியில், கூடாரவல்லியன்று, கோஷ்டியில் அக்காரவடிசில் ஸாதித்தார்கள். "பெருமாள் ப்ரஸாதம் ஒருவனைக் கெடுக்குமா?" என்று வாய்வீரம் பேசி இரண்டு தொன்னை வாங்கி உண்டேன். இரண்டு நாள் படுக்கையில் கிடந்தேன். மறு வருஷம் அதே நாளில், பரிசாரகர் கரண்டியோடு எதிரே நிற்க, "வேண்டாம்" என்று கையை மறித்து எழுந்துவிட்டேன். எழுந்ததோடு நில்லாமல், நெய் வழிய உண்டுகொண்டிருந்தவர்களை ஒரு பார்வையும் பார்த்தேன். வீட்டுக்கு வந்து நடந்ததைப் பெருமையாகச் சொன்னபோது தர்மபத்னி சொன்ன பதில் இது: "போன வருஷம் நாக்குக்குத் தோத்தேள். இந்த வருஷம் அபிமானத்துக்குத் தோத்தேள். ரெண்டு வருஷமும் பெருமாள் ப்ரஸாதத்தைத்தான் அவமானப்படுத்தினேள்."

ஐம்பது வருஷம் கீதாபாஷ்யம் சேவித்தவனுக்கு இதற்கு மறுமொழி கிடைக்கவில்லை.

ஸம்சயம்

ஆகவே ஸம்சயம் இது. மிதமாக இருப்பது என்ற குணத்தின் ஸ்வரூபம் யாது? இச்சையை அழுத்தி வைப்பதா? இரண்டு எல்லைகளுக்கு நடுவில் ஒரு புள்ளியைக் கண்டு நிற்பதா? அல்லது வேறொன்றா? க்ரேக்கர்கள் சொன்னதும் நம் பூர்வர்கள் சொன்னதும் எதுவரை ஒன்றாகச் செல்கின்றன, எங்கே பிரிகின்றன?

பூர்வபக்ஷம்

பூர்வபக்ஷத்தை அதன் முழு பலத்தோடும் நிறுத்திய பிறகே பதில் சொல்லத் தொடங்குவது பாஷ்யகாரர் காட்டிய வழி. ஸ்ரீபாஷ்யத்தின் முதல் அதிகரணத்தில் மஹாபூர்வபக்ஷத்துக்கு அவர் கொடுத்திருக்கும் இடத்தைப் பார்த்தாலே இது விளங்கும். அந்த மர்யாதையை க்ரேக்கர்களுக்கும் செய்ய வேண்டும்.

அவர்கள் நான்கு குணங்களைத் தலையாயவை என்றார்கள்: அறிவு, தைரியம், நீதி, நான்காவதாக 'ஸோப்ரோஸுனே' என்று அவர்கள் வழங்கிய குணம். பிளேட்டோ 'குடியரசு' நூலின் நான்காம் பகுதியில் இவற்றை வரிசையாக ஆராய்கிறார். அறிவு ஆள்வோரிடத்திலும் தைரியம் காவல் வீரரிடத்திலும் சிறந்து நிற்கும் என்றவர், இந்த நான்காம் குணம் மட்டும் ஒரு வகுப்புக்கு உரியதன்று என்கிறார். எது ஆளவேண்டும், எது அடங்கவேண்டும் என்பதில் எல்லாப் பகுதிகளும் மனமொத்திருப்பதே அதன் லக்ஷணம் என்பது அவர் கருத்து. வீணையின் பல தந்திகள் ஸ்ருதி சேர்ந்திருப்பதைப் போன்றது அது. 'கார்மிடீஸ்' என்ற ஸம்வாதம் முழுவதும் இந்த ஒரு குணத்தைப் பற்றியதே. பதறாமல் நடப்பது, நாணம், தன் காரியத்தைத் தான் செய்வது, தன்னை அறிவது என்று லக்ஷணங்கள் ஒவ்வொன்றாகச் சொல்லப்பட்டு, ஒவ்வொன்றும் கழிக்கப்பட்டு, முடிவு ஏற்படாமலே அந்நூல் நின்றுவிடுகிறது. இக்குணத்துக்கு லக்ஷணம் சொல்வது எளிதன்று என்பதை அவர்களே ஒப்புக்கொண்டது போலும்.

அரிஸ்டாடில் (கி.மு. 384–322) இதைக் குறுக்கித் தெளிவாக்கினார். ஊறும் சுவையும் தரும் இன்பங்களைப் பற்றியதே இக்குணம், அவற்றிலும் ஊறே முதன்மை என்றார். இதற்கு அவர் காட்டும் ஓர் உதாரணம் நினைவில் தங்கும். ஒரு போஜனப்ரியன், தன் தொண்டை நாரையின் தொண்டையைவிட நீளமாக இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டானாம். உணவு இறங்கும் ஊறின் இன்பம் நெடுநேரம் நிற்கவேண்டும் என்பது அவன் ஆசை.

'நடு' என்பதை அவர் எந்தப் பொருளில் சொன்னார் என்பதை நம் மேடைகளில் பெரும்பாலும் தவறாகவே சொல்கிறார்கள். பத்துக்கும் இரண்டுக்கும் நடு ஆறு என்பது கணக்கின் நடு. ஒருவனுக்குப் பத்துப் பங்கு உணவு மிகுதி, இரண்டு பங்கு குறைவு என்பதால் ஆறு பங்கு சரியாகிவிடாது. அது மைலோ என்ற மல்லனுக்குப் போதாது. அப்போதுதான் பயிற்சி தொடங்குபவனுக்கு அதிகம். அவரவர் நிலைக்கும் ஸந்தர்ப்பத்துக்கும் தக்க அளவே அவர் சொன்ன நடு. ஆகவே 'எல்லாவற்றிலும் பாதி' என்ற கொள்கையை அவர் தலையில் ஏற்றுவது அந்யாயம்.

இன்னும் நுட்பமான ஒன்றும் உண்டு. கெட்ட இச்சை உள்ளே பலமாக இருந்தும் அதன் வழியே போகாமல் தன்னை இழுத்துப் பிடிப்பவன் ஒருவன். அப்படிப்பட்ட இச்சையே எழாதவன் மற்றொருவன். முதலாமவனை அவர் நிந்திக்கவில்லை. ஆனால் நற்குணம் நிறைந்தவன் என்ற பெயரை இரண்டாமவனுக்கே கொடுத்தார். விலக்கியதை நினைத்து வருந்துகிறவனிடம் அந்தக் குணம் இன்னும் வரவில்லை என்பது அவர் முடிவு.

பின்னால் ரோமாபுரியின் ஸிஸெரோ இந்தச் சொல்லை லத்தீன் மொழிக்குக் கொண்டுவந்தபோது ஒரு சொல் போதாமல் இரண்டு மூன்று சொற்களால் பெயர்த்தார். அவற்றுள் ஒன்றின் வழிவந்த ஆங்கிலச் சொல், பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சங்கங்களின் கையில், கள்ளும் சாராயமும் குடியாமை என்ற அளவுக்குச் சுருங்கியது. நம் நாட்டிலும் 1937-இல் ராஜாஜி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைத் தொடங்கியதற்கு முன்பே அந்தப் பொருள் இங்கே பரவியிருந்தது. நல்ல காரியந்தான், ஆனால் ஒரு பெரிய குணம் ஒரு விலக்கின் பெயராகக் குறுகிவிட்டது.

இதுவே பூர்வபக்ஷம்: மிதம் என்பது பழக்கத்தால் அமையும் ஒரு குணம், அறிவு அளவைக் காட்ட, இச்சை அதற்கு இசைந்து நிற்கும், இதற்கு மேல் ஒன்றும் வேண்டா.

ஸித்தாந்தம்

முதலில் ஒத்த இடங்களைச் சொல்லுகிறேன். ஆறாம் அத்யாயத்து 'யுக்த' பதத்துக்கு எம்பெருமானார் 'மித' என்றே பொருள் அருளினார். உணவு, உலாவல், உழைப்பு, உறக்கம், விழிப்பு எல்லாவற்றுக்கும் அதுவே. அளவு இன்னது என்று எண்ணால் கட்டவில்லை. ஆகையால் அவரவர்க்குத் தக்க அளவு என்பது இங்கும் பொருந்தும். தேஹத்தை வதைப்பது தபஸ்ஸாகாது என்பதிலும் ஒற்றுமை உண்டு. பதினேழாம் அத்யாயத்தில், சாஸ்த்ரம் விதிக்காத கோர தபஸ்ஸைச் செய்பவர்களைப் பற்றிப் பேசும் இடத்தில் (17.5, 6), அவர்கள் வாட்டுவது பகவானுடைய அம்சமான ஜீவனையே என்று பாஷ்யகாரர் விளக்குகிறார். தேஹம் பகையன்று.

ஒரு சிறு வேற்றுமை இங்கேயே தலைகாட்டுகிறது. இன்பத்தில் குறைவுபடும் எல்லைக்கு அரிஸ்டாடில் தனிக்கவனம் கொடுக்கவில்லை. அப்படிப்பட்டவர்கள் அரியவர்கள், அதனால் அந்தக் குறைக்குப் பெயரே ஏற்படவில்லை என்று கடந்துவிடுகிறார். கீதை உண்ணாதவனையும் மிகுதியாக உண்பவனோடு ஒரே வரிசையில் நிறுத்துகிறது. வ்ரதமும் உபவாஸமும் பழகிய ஸமூஹத்தில் அந்தக் குறை அரியதன்று என்பதைப் பகவான் அறிவான். அடியேன் இரண்டாம் வருஷம் கையை மறித்ததே அதற்கு ஸாக்ஷி.

அடக்கத்துக்கும் தெளிவுக்கும் உள்ள வேற்றுமையையும் நம் நூல்கள் அறியும். பதினேழாம் அத்யாயத்தில் மானஸ தபஸ்ஸைச் சொல்லுமிடத்தில் (17.16) மன:ப்ரஸாதம், ஆத்மவிநிக்ரஹம் என்று இரண்டும் தனித்தனியே எண்ணப்பட்டுள்ளன. முன்னதற்கு மனம் கோபம் முதலியவை இல்லாதிருத்தல் என்றும், பின்னதற்கு மனத்தின் வ்ருத்தியைத் த்யானத்துக்குரிய விஷயத்தில் நிறுத்துதல் என்றும் பாஷ்யம். விநிக்ரஹம் என்ற சொல்லுக்கு அழுத்துதல் என்று பொருள் சொல்லாமல் ஓரிடத்தில் நிறுத்துதல் என்று சொன்னதே கவனிக்கத்தக்கது. க்ரேக்கச் சொல்லைத் தமிழில் பெயர்ப்பவர்கள் 'அடக்கம்', 'புலனடக்கம்' என்று எழுதுகிறார்கள். இழுத்துப் பிடிப்பவனுடைய நிலைக்கே அது பொருந்தும். இச்சை இசைந்து தெளிந்த நிலைக்கு 'மனப்ரஸாதம்' என்பதே நெருங்கிய சொல் என்பது அடியேனுடைய விண்ணப்பம். இரண்டாம் அத்யாயத்தில் (2.64) ராகத்வேஷம் நீங்கியவன் அடைவதாகச் சொன்ன ப்ரஸாதத்துக்கும் நிர்மலமான அந்த:கரணம் என்றே பாஷ்யம் பொருள் சொல்கிறது. கோயிலில் கையில் வாங்கும் ப்ரஸாதத்துக்கும் இதே சொல் அமைந்திருப்பதை, இரண்டு வருஷம் ஒன்றையும் பெறாமல் திரும்பிய பிறகே அடியேன் சிந்தித்தேன்.

இனி, ஒற்றுமை முடிந்து வேற்றுமை தொடங்கும் இடம். அது இரண்டாம் அத்யாயத்து 59, 60, 61 ஆகிய மூன்று ச்லோகங்களில் இருக்கிறது. கீதாபாஷ்யத்தை மேலோட்டமாகப் படிப்பவர்கள் இம்மூன்றையும் மூன்று தனி உபதேசங்களாக எடுத்துக்கொள்கிறார்கள். பாஷ்யகாரர் ஒரே வாதமாகப் படித்தார்.

இந்த்ரியங்களுக்கு விஷயங்களே ஆஹாரம். அந்த ஆஹாரத்தை நிறுத்தியவனிடமிருந்து விஷயங்கள் விலகும். 'ரஸம்' என்று சொன்ன ராகம் மட்டும் விலகாது. விஷயங்களைவிட மேலானதும் மிக்க ஸுகமானதுமான ஆத்மஸ்வரூபத்தைக் கண்ட பிறகே அதுவும் மீளும். இது 59-இன் பொருள். இலையில் அக்காரவடிசில் இல்லாவிட்டாலும் நாக்கில் அது இருக்கிறது என்பதே இதன் நடைமுறை.

60-இல் சிக்கல் எழுகிறது. ஆத்மதர்சனம் இல்லாமல் ராகம் போகாது. ராகம் போகாதவரையில் இந்த்ரியங்கள், முயலும் விவேகியையும் பலாத்காரமாக இழுக்கும். இந்த்ரியங்களை வெல்லாதவனுக்கு ஆத்மதர்சனம் கிட்டாது. ஆகவே இந்த்ரியஜயம் தர்சனத்தையும், தர்சனம் இந்த்ரியஜயத்தையும் எதிர்பார்த்து நிற்கின்றன. அந்யோந்யாச்ரயம் என்ற தோஷத்தைப் பாஷ்யகாரர் எதிராளியின் வாதத்தில் காட்டுவது வழக்கம். இங்கே ஸாதகனுடைய வாழ்க்கையிலேயே அது இருக்கிறது என்று காட்டுகிறார்.

இதே வளையம் அரிஸ்டாடிலுக்கும் தெரிந்திருந்தது என்பதுதான் அடியேனை வியக்கச் செய்தது. மிதமான செயல்களைச் செய்து செய்தே ஒருவன் மிதமுள்ளவனாகிறான் என்றார். அப்படியானால் மிதம் இல்லாதவன் மிதமான செயலை எப்படிச் செய்வான் என்ற ஆக்ஷேபத்தைத் தாமே எழுப்பினார். வ்யாகரணம் அறியாதவனும் ஒருவர் சொல்லிக்கொடுக்கப் பிழையின்றி எழுதலாம், எழுதிப் பழகிப் பின்பு தானே அறிந்தவனாவான் என்பது போன்றது அவர் பதில். வெளிச்செயல் முன்னே, உள்நிலை பின்னே. அதற்குச் சிறுவயதுப் பழக்கமே ஆதாரம்.

இந்தப் பதிலை அடியேன் இகழமாட்டேன். ஐந்து வயதில் தகப்பனார் கையைப் பிடித்து ஸந்த்யாவந்தனம் செய்வித்ததும் இப்படித்தான். அர்த்தம் தெரிந்தா செய்தோம்? ஆனால் இந்தப் பதிலுக்குள் ஒரு குறை நிற்கிறது. நல்ல வீட்டில் பிறந்து, நல்லவர் கையில் வளர்ந்தவனுக்கு இது வழி. அந்தப் பாக்யம் இல்லாதவனுக்கும், வளர்ந்தும் பழுதாகி எழுபது வயதில் தன் நாக்கைக் கண்டு வெட்குகிறவனுக்கும் இது என்ன சொல்லும்? பாஷ்யகாரர் கணக்கில் பழக்கத்தின் எதிர்க்கட்சியும் சிறியதன்று. அது அநாதி பாபவாஸனை. ராகம் போகாமல், பகவானிடத்தில் மனத்தை வைக்காமல், இந்த்ரியங்களை மட்டும் கட்டினவனுக்கு அந்த வாஸனையால் விஷயசிந்தனை தவிர்க்கமுடியாதபடி வந்தே தீரும் என்று 62-க்கு அருளியிருக்கிறார். அங்கிருந்து ஸங்கம், காமம், கோபம் என்று சரிவு தொடங்குகிறது. இரண்டாம் வருஷத்து அடியேனுடைய பார்வையில் இருந்தது பசியன்று, கோபம். அது எங்கிருந்து வந்தது என்று இப்போது விளங்குகிறது.

61-இல் பாஷ்யகாரர் வளையத்தை அறுக்கிறார். சித்தத்துக்குச் சுபாச்ரயமான பகவானிடத்தில் மனத்தை நிறுத்துவதே வழி. சுபாச்ரயம் என்பது ஸ்ரீவிஷ்ணுபுராணம் ஆறாம் அம்சத்தில் கேசித்வஜர் காண்டிக்யருக்கு உபதேசித்த பரிபாஷை. த்யானிக்க எளிதாகவும், த்யானிப்பவனைத் தூய்மை செய்வதாகவும் இரண்டு தன்மையும் உடைய திருமேனி என்று பொருள். ஆத்மஸ்வரூபத்தைக் காண முன்பே சுத்தி வேண்டும். திருமேனியைக் காண அவ்வளவு யோக்யதை வேண்டா. சுத்தியில்லாதவனும் ஸந்நிதியில் நின்று பார்க்கலாம். பார்க்கப் பார்க்க மனம் சுத்தியாகும். அதன்பின் இந்த்ரியங்கள் வசப்படும். வளையத்துக்குள் இருப்பவனுக்கு வெளியிலிருந்து ஒரு கை நீட்டப்படுகிறது. அரிஸ்டாடில் நூலில் இந்தக் கைக்கு இடமில்லை. அதை அவருடைய குற்றமென்று சொல்லாமல் எல்லையென்று சொல்வதே முறை.

இந்த முடிவை ஸ்ரீபாஷ்யம் வேறு வழியாலும் உறுதிப்படுத்துகிறது. கடோபநிஷத்தில் சரீரத்தைத் தேராகவும், புத்தியை ஸாரதியாகவும், மனத்தைக் கடிவாளமாகவும், இந்த்ரியங்களைக் குதிரைகளாகவும் சொன்ன ரூபகம் ப்ரஸித்தம். பிளேட்டோவும் 'பீட்ரஸ்' என்ற நூலில் இரண்டு குதிரை பூட்டிய தேர் ஒன்றைச் சொல்கிறார். இதை வைத்தும் 'இரண்டும் ஒன்றே' என்பார் உண்டு. ஆனால் நம் உபநிஷத்தின் தேர் போய்ச் சேரும் இடம் விஷ்ணுவின் பரமபதம். ஆநுமாநிகாதிகரணத்தில் (1.4.1) பாஷ்யகாரர், அங்கே சொன்ன உயர்வின் வரிசை வசப்படுத்த வேண்டியவற்றின் வரிசையே என்று காட்டுகிறார். இந்த்ரியத்தைவிட விஷயமும், அதைவிட மனமும், அதைவிட புத்தியும், இப்படி மேலே மேலே. கடைசியில் நிற்பவன் பரமபுருஷன். அவனை எப்படி வசப்படுத்துவது? அவனை வசப்படுத்துவதாவது அவனிடத்தில் சரணாகதி பண்ணுவதே என்று முடிக்கிறார். அடக்குதல் என்று தொடங்கிய ஏணி, அடைக்கலம் புகுவதில் முடிகிறது. பூர்வபக்ஷத்துக்கும் ஸித்தாந்தத்துக்கும் உள்ள தூரம் முழுவதும் இந்த ஓரிடத்தில் அளக்கப்பட்டுவிட்டது என்று அடியேன் கருதுகிறேன்.

ப்ரபந்நனுக்குப் பகவானே உபாயம். அவனுக்கு இந்தக் குணவிசாரம் எதற்கு என்று கேட்கலாம். பிள்ளைலோகாசார்யர் ஸ்ரீவசனபூஷணத்தில் ஆத்மகுணங்களுள் சம தமங்களையே ப்ரதாநமாக எடுத்து, அவை உண்டானால் ஆசார்யனும், ஆசார்யனால் திருமந்த்ரமும், அதனால் ஈச்வரனும் கைகூடுவதாக ஒரு படிவரிசை அருளியிருக்கிறார். குணம் விலையாகக் கொடுக்கும் பொருளன்று. ஆயினும் ப்ரபந்நனிடத்தில் இல்லாமல் இருக்கலாகாதது. அந்த முதற்படிக்கும் அவன் க்ருபையே மூலம் என்பது பெரியோர் நிலை.

இனி நம்மவர்களைப் பற்றி ஒரு விமர்சனம். மதுவிலக்காகக் குறுகிய சொல்லைப் பார்த்து நகைக்க நமக்கு உரிமையில்லை. நாமும் ஒன்றைக் குறுக்கியிருக்கிறோம். முதல் அதிகரணத்தில் வாக்யகாரரைப் பின்பற்றிப் பாஷ்யகாரர் ஏழு ஸாதனங்களை எடுத்தருளினார்: விவேகம், விமோகம், அப்யாஸம், க்ரியை, கல்யாணம், அநவஸாதம், அநுத்தர்ஷம். விவேகம் என்பது ஜாதி, ஆச்ரயம், நிமித்தம் ஆகிய மூவகை தோஷமும் இல்லாத உணவால் காயசுத்தி. இதில் நாம் ஜாதி தோஷத்தை மட்டும் பிடித்துக்கொண்டோம். வெங்காயமும் பூண்டும் அடுக்களையில் நுழையாவிட்டால் விவேகம் நிறைந்துவிட்டதாக எண்ணுகிறோம். இரண்டாவதான விமோகம், காமங்களில் ஒட்டாதிருத்தல், அடுத்த படியிலேயே காத்திருக்கிறது. ஐந்தாவதான கல்யாணத்தில் ஸத்யம், ஆர்ஜவம், தயை, தானம், அஹிம்ஸை, அநபித்யை என்று ஆறு உண்டு. அநபித்யைக்கு, பிறர் பொருளைத் தனதென்று எண்ணாமை, பயனற்ற சிந்தனை இல்லாமை, பிறர் செய்த தீங்கை நினைத்துக்கொண்டிராமை என்று ச்ருதப்ரகாசிகை பொருள் விரிக்கிறது. பூண்டு நுழையாத எத்தனை அடுக்களைகளில் பிறர் செய்த தீங்கு தினமும் சமைக்கப்படுகிறது!

கடைசி இரண்டும் மிதத்தை க்ரேக்கர்கள் வகுத்த எல்லையைத் தாண்டிக் கொண்டுபோகின்றன. அநவஸாதம் என்பது, காலமும் இடமும் கூடாமையாலும் துயரத்தை நினைப்பதாலும் மனம் சோர்ந்து ஒளி மங்காதிருத்தல். அநுத்தர்ஷம் அதற்கு எதிரான களிப்பு மிகாதிருத்தல். மிக்க ஸந்தோஷமும் விரோதியே என்பது பாஷ்யகாரர் திருவுள்ளம். ஊறு, சுவை என்ற இரண்டு வாசல்களில் அரிஸ்டாடில் வைத்த காவலை, இவர் சோகம், ஸந்தோஷம் என்ற உள்வாசல்களிலும் வைத்தார். தோற்றதற்காக இடிந்து உட்காருவதும் மிதக்கேடு. வென்றதற்காகக் குதிப்பதும் மிதக்கேடு. 'வேண்டாம்' என்று எழுந்து வந்த அன்று அடியேனுக்கு உண்டானது உத்தர்ஷம். பதில் கேட்டபின் ஒரு வாரம் யாரோடும் பேசாமல் இருந்தது அவஸாதம்.

ப்ரயோஜனம்

ரஸத்தை அழிப்பது நம் மார்க்கமன்று, அதை அதற்குரிய இடத்துக்கு மீட்பதே என்பதற்கு ஆழ்வார்களின் ஸ்ரீஸூக்திகளே ப்ரமாணம். திருவாய்மொழி ஆறாம் பத்து ஏழாம் திருவாய்மொழியில் திருக்கோளூருக்குப் புறப்பட்ட மகளைப் பற்றித் தாய் பேசும்போது, அவளுக்குத் தாரகமும் போஷகமும் போக்யமும் ஆகிய மூன்றும் கண்ணனே என்பது வ்யாக்யானம் காட்டும் நிலை. பசியும் சுவையும் போகவில்லை; விஷயம் மாறிவிட்டது. திருப்பாவையிலும் அப்படியே. இரண்டாம் பாட்டில் நெய்யும் பாலும் பூவும் மையும் விலக்கிய அதே சிறுமியர், இருபத்தேழாம் பாட்டில் நெய் பெருகும் பாற்சோற்றை அவனோடு ஒன்றாக அமர்ந்து உண்ண விரும்புகிறார்கள். விலக்கியது வெறுப்பால் என்றால் பின்னால் உண்பது நோன்பின் தோல்வியாக முடியும். அவனுக்காக விலக்கினார்கள், அவனோடு சேர்ந்து ஏற்றார்கள். ஆகையால் முன்னதும் பின்னதும் ஒரே ப்ரேமம். நாச்சியார் திருமொழியில் ஆண்டாள் நேர்ந்துகொண்ட நூறு தடா அக்காரவடிசிலை எம்பெருமானார் திருமாலிருஞ்சோலையில் ஸமர்ப்பித்ததாகக் குருபரம்பரை கூறும். மிதம் என்ற பதத்துக்கு உரையெழுதிய அதே மஹான் நூறு தடாவும் ஸமர்ப்பித்தார். தன் நாக்குக்கு மிதம், அவன் உகப்புக்கு அளவில்லை.

நித்யவாழ்வில் இதன் பயன் யாது? வைத்யர் விலக்கச் சொன்னதை விலக்குவது சாஸ்த்ர விரோதமன்று. தேஹத்தில் உறையும் ஜீவன் அவனுடைய அம்சம் என்று மேலே கண்டோம். ப்ரஸாதத்தை அறவே மறுப்பதும் வேண்டா, கணமாத்ரமும் ப்ரஸாதமே. எதை விட்டாலும், விட்டதைப் பிறர்முன் ஏந்திக் காட்டாமல் இருந்தால் போதும். உபவாஸ தினத்தில் வீட்டுப் பெண்டுகளிடம் சுள்ளென்று விழுகிறவர்கள், அன்று உண்டுவிட்டுச் சாந்தமாக இருப்பது மேல் என்றுகூட அடியேன் சொல்லத் துணிவேன். ஏகாதசியை விடச் சொல்வதாகப் பெரியோர்கள் கொள்ளலாகாது. அன்று கோபத்தையும் விடச் சொல்வதே கருத்து.

இந்த மார்கழியில் கூடாரவல்லியன்று கோஷ்டியில் அமர்ந்தேன். பரிசாரகரிடம் "ஸ்வாமி, ஒரு நெல்லளவு போதும்" என்று விண்ணப்பித்தேன். அவர் சிரித்து, கரண்டி நுனியால் உள்ளங்கையில் வைத்தார். கண்ணில் ஒற்றிக்கொண்டு உண்டேன். பக்கத்தில் ஒரு சிறுபிள்ளை, தன் தொன்னை முழங்கை வழிய நிரம்பியிருந்தும் மேலும் கேட்டுக்கொண்டிருந்தான். அவனைப் பார்க்கக் கோபம் வரவில்லை. உத்ஸவர் திருமுகமண்டலத்தில் சாற்றியிருந்த மாலையைப் பார்த்துக்கொண்டிருந்ததில், நாக்கின் நினைவு சிறிது நேரம் இல்லை.

சிறிது நேரந்தான். வீடு திரும்பும் வழியில், நெய்யின் மணம் உள்ளங்கையில் இருக்க, இன்னும் கொஞ்சம் வாங்கியிருக்கலாமே என்று தோன்றியது. க்ரேக்கப் பெரியவர் கணக்கில் அடியேன் இன்னும் இழுத்துப் பிடிப்பவன் வரிசையிலேயே நிற்கிறேன். நம் பாஷ்யகாரர் கணக்கிலும் ரஸம் மீளவில்லை. மீளும் இடம் எது என்று தெரிந்திருக்கிறது. அதைத் தெரிவித்தவர்கள் பூர்வர்கள். இந்த வ்யாஸத்தில் பிழைகள் இருப்பின் அவை அடியேனுடையவை; அபியுக்தர்கள் க்ஷமித்துத் திருத்தியருள வேணும்.